ஹாஃப்கட் எஞ்சினை அளந்து கட்டுதல்: கேம் நேரமும் இடைவெளிகளும்

ஜொகூரின் மேற்குக் கரையில், மலாக்கா நீரிணையை ஒட்டியிருக்கும் பத்து பாகாட் போன்ற ஊர்களில் எஞ்சின் கட்டுவோரின் கைக்கு வரும் பெட்ரோல் எஞ்சின்களைப் பெரும்பாலும் இரு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை நாட்டுக்குள்ளேயே ஓடித் தேய்ந்தவை: 1985 ஜூலை 9 அன்று வெளிவந்த புரோட்டான் சாகாவிலும் 1993இல் வந்த வீராவிலும் பொருத்தப்பட்ட மிட்சுபிஷி 4ஜி குடும்பத்து எஞ்சின்களும், லோட்டஸ் நிறுவனத்தின் பங்களிப்போடு உருவாகி 2004இல் ஜென்-2 காருடன் வந்த கேம்புரோவும் இதில் அடங்கும். இரண்டாம் வகை, ஜப்பானில் ஓய்வு பெற்ற கார்களின் முன்பாதியை அறுத்து எஞ்சினோடும் கியர்பெட்டியோடும் இறக்குமதி செய்யும் ஹாஃப்கட் சரக்கு. ஜப்பானின் கட்டாயச் சோதனை முறையில் கார் பழையதாக ஆக அதை வைத்திருக்கும் செலவு ஏறிக்கொண்டே போவதால், இன்னும் நன்றாக ஓடக்கூடிய எஞ்சின்களும் அங்கே கழிக்கப்பட்டுக் கப்பலேறுகின்றன. 1992இல் மிராஜ் காரில் வெளிவந்து 1.6 லிட்டரில் 175 குதிரைத்திறன் தந்த மிட்சுபிஷியின் 4ஜி92 மைவெக் எஞ்சின், புரோட்டான் உடலில் எளிதாக அமர்வதால் இந்த வழியில் வந்து மலேசியாவில் பெரும் மதிப்புப் பெற்றது.

இவ்விரு வகைக்கும் பொதுவான குறை, எஞ்சினின் முந்தைய வாழ்வு பற்றிய பதிவு எதுவும் உடன் வராததே. ஹெட்டை யாராவது முன்பே சீவினார்களா, கேஸ்கெட் எந்தத் தடிமனில் மாற்றப்பட்டது, கேம்ஷாஃப்ட் அதே எஞ்சினுக்கு உரியதுதானா என்பவற்றைப் பார்வையால் சொல்ல முடியாது. ஆயினும் பெரும்பாலான கட்டுமானங்களில் டைமிங் பெல்ட்டை மாட்டும்போது ஸ்ப்ராக்கெட்டில் தொழிற்சாலை வெட்டிய குறியையும் உடலில் உள்ள குறியையும் நேர்ப்படுத்துவதோடு வேலை முடிந்ததாகக் கொள்கிறார்கள். அந்தக் குறிகள் புதிய எஞ்சினின் அளவுகளை அடிப்படையாகக் கொண்டு வெட்டப்பட்டவை. அளவு மாறிய எஞ்சினில் அவை ஒரு தொடக்கப் புள்ளியை மட்டுமே காட்டும். குறிகளைத் தாண்டி எதை, எந்த வரிசையில், எவ்வளவு நுட்பமாக அளக்க வேண்டும், அந்த அளவை எவ்வளவு நம்பலாம் என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க்ஷாஃப்ட் இரு முறை சுற்றும்போது கேம்ஷாஃப்ட் ஒரு முறை சுற்றுகிறது; அதனால் ஒரு முழுச் செயற்சுழற்சி 720 கிராங்க் டிகிரிகளில் நிறைவடைகிறது. கேம்ஷாஃப்ட்டில் உள்ள முட்டை வடிவ மேட்டை லோப் என்பர். லோப்பின் உச்சி வால்வை மிக அதிகமாகத் திறக்கும் கணத்தில் கிராங்க் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதே கேமின் மையக்கோடு. உள்ளிழுப்பு வால்வு திறக்கத் தொடங்கிய பின்னும் வெளியேற்று வால்வு மூடி முடியாமல், இரண்டும் சிறிது நேரம் சேர்ந்து திறந்திருக்கும் காலத்தை ஓவர்லாப் என்பர். பிஸ்டன் தன் மேல் முனையைத் தொட்டுத் திரும்பும் இந்தக் காலத்தில்தான் வால்வும் பிஸ்டனும் மிக அருகில் வருகின்றன. ஆகவே கேம் நேரமும் இடைவெளியும் இரு தனி வேலைகளாகப் பாடநூல்களில் பிரிக்கப்பட்டிருந்தாலும், நடைமுறையில் ஒன்றை நகர்த்தாமல் மற்றொன்றை நகர்த்த முடியாது.

எல்லா அளவுக்கும் அடித்தளம் பிஸ்டனின் மேல் முனை, அதாவது பட்டறைகளில் டி.டி.சி. என்று வழங்குவது. பிளக் துளை வழியே ஒரு கம்பியையோ டயல் கேஜையோ விட்டு, முள் திரும்பும் இடத்தை மேல் முனையாகக் கொள்வது பரவலான வழக்கம். இதன் குறையைக் கணக்கு வெளிப்படையாகக் காட்டுகிறது. 4ஜி13, 4ஜி15 ஆகிய இரண்டிலும் பிஸ்டன் வீச்சு 82 மி.மீ. இத்தகைய எஞ்சினில் கிராங்க் மேல் முனையிலிருந்து ஒரு டிகிரி விலகும்போது பிஸ்டன் ஏறத்தாழ 0.008 மி.மீ. மட்டுமே இறங்குகிறது, ஐந்து டிகிரி விலகினாலும் இறக்கம் 0.2 மி.மீ.தான். நூற்றில் ஒரு மில்லிமீட்டர் வரை காட்டும் டயல் கேஜில் ஒரு டிகிரிப் பிழை ஒரு கோட்டுக்கும் குறைவான அசைவாகவே தெரியும். அதோடு பேரிங்கிலும் பிஸ்டன் பின்னிலும் உள்ள எண்ணெய் இடைவெளி சேர்ந்துகொள்ளும்போது, முள் நின்ற இடம் உண்மையான முனைதானா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இதற்கு மாற்றான தடைமுறை எளியது, ஆனால் கோட்பாட்டளவில் மிகச் சிறந்தது. ஹெட் கழன்றிருந்தால் பிளாக்கின் மேல் ஒரு பட்டையை இறுக்கியும், ஹெட் மாட்டியிருந்தால் பிளக் துளையில் ஒரு தடைக்கம்பியைத் திருகியும் பிஸ்டன் மேல் முனையை எட்டுமுன் நிறுத்தப்படுகிறது. கிராங்கின் முனையில் டிகிரி சக்கரம், அதாவது 360 டிகிரி பொறித்த வட்டத் தகடு பொருத்தப்பட்டு, பிஸ்டன் தடையில் முட்டும் வரை கிராங்க் ஒரு திசையிலும் பின்னர் மறு திசையிலும் கையால் மெதுவாகத் திருப்பப்படுகிறது. ஒரு பக்கம் 38, மறுபக்கம் 44 என்று வந்தால் வேறுபாட்டின் பாதியான 3 டிகிரிக்குச் சக்கரத்தை நகர்த்த வேண்டும். இரு பக்கமும் 41 வந்தால் சக்கரத்தின் சுழியே மெய்யான மேல் முனை. பிஸ்டன் வேகமாக நகரும் இடத்தில் அளப்பதால் இங்கு அரை டிகிரிக்குள் பிழையை அடக்கலாம். செலவென்று பார்த்தால் ஒரு தகடும் ஒரு போல்ட்டும் மட்டுமே. இந்த ஒரு படியைத் தவறவிட்ட கட்டுமானத்தில் அதன்பின் எடுக்கும் எல்லா எண்ணும் அதே பிழையைச் சுமக்கும் என்பதால், மற்ற எந்தக் கருவியையும் விட டிகிரி சக்கரத்துக்கே ஒரு சிறு பட்டறை முதலில் பணம் ஒதுக்க வேண்டும்.

மேல் முனை உறுதியானபின் கேமின் மையக்கோட்டைக் காண மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. முதலாவது, உச்சித் தூக்கத்திலிருந்து சம அளவு இறங்கிய புள்ளிகளில் இரு பக்கமும் கோணத்தைப் படித்து நடுவைக் காண்பது. லோப்பின் உச்சி தட்டையாக இருப்பதால் உச்சியையே நேராகத் தேடக் கூடாது என்பது இதன் அடிப்படை. இம்முறை லோப்பின் திறக்கும் சரிவும் மூடும் சரிவும் ஒத்திருப்பதாக எண்ணிக்கொள்கிறது. பல நவீன கேம்களில் மூடும் சரிவு மென்மையாக்கப்பட்டிருப்பதால் நடுவென்று கிடைப்பது உண்மையான உச்சியாக இராது. இரண்டாவது, கேம் தயாரிப்பாளர் தரும் திறக்கும், மூடும் கோணங்களை அவர் குறித்த தூக்கத்திலேயே சரிபார்ப்பது. ஜப்பானிய, ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் 1 மி.மீ. தூக்கத்தையும், அமெரிக்கர் 0.050 அங்குலத்தையும், அதாவது 1.27 மி.மீ.யையும் ஆதாரமாகக் கொள்கின்றனர். வால்வு இருக்கையை விட்டு எழும் தொடக்கச் சரிவு மிக மெதுவானது. அங்கே அளந்தால் டாப்பெட் இடைவெளியில், அதாவது லோப்புக்கும் அது தள்ளும் உறுப்புக்கும் இடையே விடப்படும் வெளியில், ஏற்படும் சிறு மாற்றமும் பல டிகிரி வேறுபாடாக ஊதிப் பெருகும் என்பதால்தான் இந்த ஆதாரத் தூக்கம் ஏற்பட்டது. எடுத்துக்காட்டாக, 1 மி.மீ. தூக்கத்தில் உள்ளிழுப்பு வால்வு மேல் முனைக்கு 10 டிகிரி முன் திறந்து கீழ் முனைக்கு 42 டிகிரி பின் மூடினால், திறந்திருக்கும் காலம் 10, 180, 42 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 232 டிகிரி. அதன் பாதியான 116இலிருந்து 10ஐக் கழித்தால் மையக்கோடு மேல் முனைக்கு 106 டிகிரி பின்.

மூன்றாவது வழியில் மேல் முனையில் நிற்கும்போது உள்ளிழுப்பு வால்வு எத்தனை மில்லிமீட்டர் தூக்கப்பட்டிருக்கிறது என்பது மட்டுமே அளக்கப்படுகிறது. இரட்டைக் கேம் எஞ்சின்களில் பந்தய மெக்கானிக்குகள் இதையே விரும்புவர், ஏனெனில் மேல் முனையருகே வால்வின் வேகம் கணிசமாக இருப்பதால் ஒரு டிகிரி நகர்வு பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவில் டயல் கேஜில் தெரிந்துவிடுகிறது. தயாரிப்பாளரின் தாள் இல்லாத ஹாஃப்கட் எஞ்சினுக்கு இது போதாது என்றே கருத வேண்டும். அங்கே ஒவ்வொரு ஐந்து டிகிரிக்கும் தூக்கத்தைப் பதிந்து லோப்பின் முழு வரைவையும் எடுத்துவிடுவதுதான் சரியான வழி. அரை நாள் உழைப்பில் கேமுக்கு ஒரு நிலையான ஆவணம் கிடைக்கிறது. அதே கேம் அடுத்த எஞ்சினுக்குப் போகும்போது அந்தத் தாளும் உடன் போகலாம்.

டயல் கேஜின் தண்டு வால்வின் அச்சுக்கு இணையாக நிற்க வேண்டும் என்பது சிறு விவரமாகத் தோன்றினாலும் அப்படியன்று. தண்டு பத்து டிகிரி சாய்ந்தால் அளவு ஒன்றரை விழுக்காடு தவறும், 9 மி.மீ. தூக்கத்தில் அது ஏறத்தாழ 0.14 மி.மீ. மேலும் கேமை அளக்கும்போது கிராங்கை எப்போதும் எஞ்சின் ஓடும் திசையிலேயே திருப்ப வேண்டும். குறியைத் தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னே போய் மீண்டும் முன்னே வர வேண்டும். இல்லையெனில் பெல்ட்டின் தளர்வு அளவுக்குள் புகுந்துவிடும்.

இவ்வளவு நுட்பம் தேவையா என்ற ஐயத்துக்கு ஹெட் சீவும் வழக்கமே விடையளிக்கிறது. எஞ்சின் கொதித்து வளைந்த அலுமினிய ஹெட்டைச் சீவித் தட்டையாக்கும்போது கேம்ஷாஃப்ட் கிராங்குக்கு அருகே இறங்குகிறது. பெல்ட்டின் இழுக்கும் பக்கத்தில் பற்களின் எண்ணிக்கை மாறாததால், அங்கே உண்டாகும் தளர்வை கிராங்க் முதலில் இழுத்து முடித்த பின்னரே கேம் திரும்புகிறது. அதாவது கேம் பிந்துகிறது. 60 மி.மீ. ஆரமுள்ள கேம் ஸ்ப்ராக்கெட்டில் 0.5 மி.மீ. சீவல் ஏறக்குறைய ஒரு கிராங்க் டிகிரிப் பிந்தலைத் தரும். குறிகள் அப்போதும் நேராகவே தெரியும். இதற்கு மாறாக பெல்ட் ஒரு பல் தவறினால், கேமில் 48 பற்கள் உள்ள அமைப்பில் பிழை 15 கிராங்க் டிகிரி ஆகும். அது எஞ்சினின் ஓசையிலேயே தெரிந்துவிடும். ஆக, காதுக்கும் கண்ணுக்கும் எட்டாத ஒன்று முதல் நான்கு டிகிரி வரையிலான பிழைகளுக்காகவே நகர்த்தக்கூடிய கேம் ஸ்ப்ராக்கெட்டும் டிகிரி சக்கரமும் தேவைப்படுகின்றன. இப்பிழையின் விளைவு வெறும் சக்தி இழப்பன்று. உள்ளிழுப்பு வால்வு மூடும் கணமே சிலிண்டருக்குள் அடைபடும் காற்றின் அளவைத் தீர்மானிப்பதால், கேம் முந்தினால் குறைந்த வேகத்தில் அழுத்தம் கூடி, மலேசியாவில் பரவலாக விற்கும் 95 ஆக்டேன் பெட்ரோலில், வெப்பமான காற்றை இழுக்கும் எஞ்சின் தட்டத் தொடங்கும்.

வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையிலான இடைவெளிக்கு எஞ்சின் கட்டுவோர் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்ட குறைந்த அளவு உள்ளிழுப்புப் பக்கம் ஏறத்தாழ 2 மி.மீ., வெளியேற்றுப் பக்கம் 2.5 மி.மீ. வெளியேற்று வால்வு அதிக வெப்பத்தில் நீள்வதும், வேகம் எல்லை மீறி ஸ்பிரிங் தளரும்போது மூடத் தாமதிக்கும் அந்த வால்வை ஏறிவரும் பிஸ்டன் துரத்துவதும் இந்தக் கூடுதலுக்குக் காரணங்கள். மேல் முனையில் நிறுத்தி அளந்தால் போதும் என்ற எண்ணம் தவறு. மேல் முனையைத் தாண்டியதும் பிஸ்டன் முதலில் மெதுவாகவே இறங்குகிறது, வால்வோ அதைவிட வேகமாகத் திறக்கிறது. இரு வேகங்களும் சமமாகும் இடமே மிக நெருக்கமான இடம். அது உள்ளிழுப்புக்கு மேல் முனைக்குப் பின் ஏறத்தாழ 10 டிகிரியிலும், வெளியேற்றுக்கு முன் அதே அளவிலும் அமைகிறது. அங்கு வால்வு ஒரு டிகிரிக்கு 0.15 மி.மீ. போல நகர்வதால், குறைந்த வேகத்தில் இழுவை வேண்டி உள்ளிழுப்புக் கேமை நான்கு டிகிரி முந்த வைப்பவர் அரை மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளியை இழக்கிறார்.

களிமண் முறையில் பிஸ்டன் தலையில் மென்களியை ஒட்டி, ஹெட்டை இறுக்கி, கிராங்கை இரு முறை சுற்றி, பின் களியை வெட்டி அதன் தடிமனை அளப்பர். வால்வின் விளிம்புக்கும் பிஸ்டன் குழியின் ஓரத்துக்கும் உள்ள பக்கவாட்டு இடைவெளியைக் காட்டுவதில் இதற்கு இணையில்லை. ஆனால் கேமை நகர்த்தும்தோறும் ஹெட்டைக் கழற்ற வேண்டியிருப்பதால், மெல்லிய சோதனை ஸ்பிரிங்கை மாட்டி, ஒவ்வொரு இரண்டு டிகிரியிலும் வால்வைக் கையால் அழுத்திப் பிஸ்டனைத் தொடும் தொலைவை டயல் கேஜில் படிப்பதே விரிவான ஆய்வுக்கு ஏற்றது. இரண்டையும் செய்வதே நேர்மையான கட்டுமானம்.

மைவெக் எஞ்சினும், கேம்புரோவின் சி.பி.எஸ். வகையும் இந்தச் சோதனையில் ஒரு தனி ஆபத்தைக் கொண்டிருக்கின்றன. உள்ளூர் அனுபவத்துக்கு மிகவும் பொருந்தும் இப்பகுதியை அயல்நாட்டுக் கையேடுகள் போதிய அளவில் பேசுவதில்லை. இரண்டிலும் குறைந்த வேகத்துக்கு ஒரு லோப்பும் அதிக வேகத்துக்கு உயரமான லோப்பும் உண்டு. எண்ணெய் அழுத்தம் ஒரு பூட்டைத் தள்ளும்போதுதான் உயர லோப் வால்வோடு இணைகிறது, சி.பி.எஸ்.இல் இது நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,800 சுற்றில் நிகழ்கிறது. பட்டறை மேசையில் நிற்கும் எஞ்சினில் எண்ணெய் அழுத்தம் இல்லை. எனவே கையால் சுற்றும்போது தாழ்ந்த லோப் மட்டுமே வால்வைத் தள்ளுகிறது. களியில் தாராளமான இடைவெளி தெரியும். எஞ்சின் வேகமெடுத்து உயர லோப் இணைந்தபின் அதே இடைவெளி இருக்கும் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை. ஹெட்டைச் சீவியோ உயர்ந்த பிஸ்டன் போட்டோ கட்டுபவர், பூட்டை இயந்திர முறையில் இணைத்து வைத்தோ, உயர லோப்பின் தூக்கத்தைத் தனியே அளந்து கணக்கிட்டோ சோதிக்காமல் இந்த எஞ்சின்களை மூடக் கூடாது.

ஹைட்ராலிக் டாப்பெட் கொண்ட எஞ்சின்களிலும் இதே இயல்புள்ள குழப்பம் எழுகிறது. எண்ணெய் வடிந்த டாப்பெட் ஸ்பிரிங் அழுத்தத்தில் அமுங்கி, தூக்கத்தைக் குறைத்துக் காட்டும். அளவு எடுக்கும் வரை அதே உயரமுள்ள திண்ம டாப்பெட்டை மாற்றி வைப்பதே வழி. டொயோட்டாவின் 4ஏ-ஜிஇ போல ஷிம் தகடுகளால் இடைவெளியைத் திருத்தும் எஞ்சினில் வேலை தெளிவானது: குளிர்ந்த நிலையில் உள்ளிழுப்புக்கு 0.15 முதல் 0.25 மி.மீ., வெளியேற்றுக்கு 0.20 முதல் 0.30 மி.மீ. இடைவெளி வேண்டும், அளந்த இடைவெளியில் வேண்டிய இடைவெளியைக் கழித்து, வரும் எண்ணைப் பழைய ஷிம்மின் தடிமனோடு கூட்டினால் புதிய ஷிம்மின் தடிமன் கிடைக்கும். கேம் நேரத்தை அளப்பதற்கு முன்பே இத்திருத்தம் முடிந்திருக்க வேண்டும்.

இனிப் பிஸ்டனும் சிலிண்டரும். இங்கு ஊரின் தட்பவெப்பமே ஒரு காரணியாகிறது. நீள அளவுகளுக்கான உலகப் பொது வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். பத்து பாகாட்டில் பகல் வெப்பம் 31, 32 டிகிரியை எட்டுவது வழக்கம். அலுமினியம் ஒரு டிகிரிக்கு மில்லியனில் 23 பங்கு விரிகிறது. எஃகும் வார்ப்பிரும்பும் ஏறத்தாழ 11 பங்கே விரிகின்றன. 81 மி.மீ. விட்டமுள்ள 4ஜி92 அல்லது 4ஜி93 பிஸ்டனை 32 டிகிரி வெப்பத்தில் எஃகு மைக்ரோமீட்டரால் அளந்தால், 20 டிகிரியில் இருக்கக்கூடியதைவிட ஏறத்தாழ 0.012 மி.மீ. பெரிதாகத் தெரியும், வார்ப்பிரும்புச் சிலிண்டரும் அதை அளக்கும் எஃகுக் கருவியும் சேர்ந்தே விரிவதால் சிலிண்டரின் அளவு மாறாததுபோல் நிற்கும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இருக்க வேண்டிய இடைவெளியே பல எஞ்சின்களில் 0.02 முதல் 0.04 மி.மீ. என்றால், அதன் மூன்றில் ஒரு பங்கு வானிலையால் மட்டும் மறையக்கூடும். இடைவெளி போதவில்லை என்று எண்ணிச் சிலிண்டரை மேலும் தேய்ப்பவர் தேவையற்ற தளர்வைக் கட்டிவிடுகிறார். வெயிலில் கிடந்த பிளாக், கையில் வைத்திருந்த பிஸ்டன், குளிரூட்டிய அறையிலிருந்து வந்த கருவி என்று மூன்றும் மூன்று வெப்பத்தில் இருந்தால் கணக்கே போட முடியாது. எல்லாவற்றையும் ஓர் இரவு முழுவதும் ஒரே அறையில் வைத்து, அறை வெப்பத்தைத் தாளில் குறித்து, காலையில் அளப்பதற்குச் செலவு எதுவுமில்லை.

பேரிங் எண்ணெய் இடைவெளிக்குத் தண்டின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பழைய விதி, 45 மி.மீ. தண்டுக்கு 0.045 மி.மீ. அழுத்தத்தில் நசுங்கி அகலும் பிளாஸ்டிகேஜ் இழை விரைவான சரிபார்ப்புக்கு உதவும். ஆனால் தண்டு நீள்வட்டமாகவோ கூம்பாகவோ தேய்ந்திருப்பதை மைக்ரோமீட்டரும் போர் கேஜும் சேர்ந்தே காட்டும். டிஜிட்டல் காலிப்பர் இந்த வேலைக்கு உரியதன்று. பிஸ்டன் வளைய வாயிடைவெளி, டர்போ இல்லாத எஞ்சினில் சிலிண்டர் விட்டத்தின் ஆயிரத்தில் நான்கு பங்கு; 75.5 மி.மீ. விட்டமுள்ள 4ஜி15க்கு அது 0.30 மி.மீ. டர்போ எஞ்சினில் ஐந்து, ஆறு பங்கு வரை போவதுண்டு.

அளவீட்டின் மதிப்பை மலேசியப் பந்தய வரலாறும் உணர்த்துகிறது. 2002இல் கரம்ஜித் சிங் புரோட்டான் பெர்ட் காரில் உலக ராலியின் தயாரிப்புக் கார் பிரிவுப் பட்டத்தை வென்றார். அப்பிரிவின் விதிகள் கேம்ஷாஃப்ட் தொழிற்சாலை வடிவிலேயே இருக்க வேண்டும் என்பன போன்ற கட்டுப்பாடுகளைக் கொண்டவை. அத்தகைய களத்தில் எஞ்சின் கட்டுபவருக்கு எஞ்சியிருப்பது, தொழிற்சாலை அனுமதித்த அளவு வரம்புக்குள் ஒவ்வொரு உறுப்பையும் மிக நல்ல எண்ணில் நிறுத்தும் பணி மட்டுமே. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் 1988இல் மாருதி 800 எஞ்சினைக் கொண்டு தொடங்கிய ஃபார்முலா மாருதியும் எல்லோருக்கும் ஒரே எஞ்சின் என்ற கொள்கையில் நின்றதால், அங்கும் நுட்பமான கட்டுமானத்துக்கே இடமிருந்தது.

பத்து பாகாட் மாவட்டத்துக்குள்ளேயே, பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1993இல் பாலிடெக்னிக் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் மையமாகத் தோன்றி 2007இல் பல்கலைக்கழகப் பெயரைப் பெற்ற இந்நிறுவனத்தின் வேர் தொழிற்கல்வியில் இருக்கிறது. எஞ்சின் அளவீடு பற்றிய தமிழ் நூல்கள் மிகக் குறைவு. தோட்டப் பின்னணியிலிருந்து வந்து பட்டறையில் தொழில் கற்ற தமிழ் இளைஞர் மலாயிலும் ஆங்கிலத்திலும் துண்டு துண்டாகவே இதைப் பெறுகிறார். இந்தப் பல்கலைக்கழகத்தில் கருவியைச் சரிபார்த்துக் கொடுக்கும் ஆய்வகமும், ஒரு லோப் வரைவை எடுக்கக் கற்றுத்தரும் குறுகிய பயிற்சியும் அத்தகையோருக்குத் திறக்கப்படுவது, புதிய எந்திரங்களை வாங்கிக் குவிப்பதைவிட அதிகப் பயன் தரும்.

இறுதியாக, குளிர்ந்த எஞ்சினில் அளந்தது சூடான எஞ்சினுக்குப் பொருந்துமா என்ற கேள்வி நிற்கிறது. கிராங்கிலிருந்து கேம் வரை இரும்புப் பிளாக் 220 மி.மீ., அலுமினிய ஹெட் 130 மி.மீ. என்று கொண்டு, வெப்பம் 70 டிகிரி ஏறுவதாகக் கணக்கிட்டால் கேம் 0.38 மி.மீ. மேலே போகிறது, கண்ணாடி இழை கொண்ட பெல்ட் அந்த அளவுக்கு நீளாததால் கேம் ஏறத்தாழ 0.7 கிராங்க் டிகிரி முந்துகிறது. தயாரிப்பாளர்கள் தரும் கேம் அட்டை எண்கள் குளிர்ந்த நிலைக்கு உரியவை என்பதால், குளிர்ந்த அளவைக் குளிர்ந்த அளவோடு ஒப்பிடும்வரை இந்த நகர்வு குழப்பம் தராது. சோதனை ஓட்டத்துக்குப் பின் உடனே மூடியைத் திறந்து, பாதி ஆறிய எஞ்சினில் டயல் கேஜை வைத்து ஸ்ப்ராக்கெட்டைத் திருத்தும்போதுதான் அந்த நகர்வின் ஒரு பகுதி பொய்யான பிழையாகத் தோன்றுகிறது. முதல் சூடேற்றலுக்குப் பின் டாப்பெட் இடைவெளியும் பெல்ட் இறுக்கமும் மீண்டும் சோதிக்கப்பட வேண்டியவையே; அந்தச் சோதனையும் எஞ்சின் முழுதாக ஆறிய மறுநாள் காலையில், முதல் அளவு எடுத்த அதே அறை வெப்பத்தில் நடக்க வேண்டும்.